நதிமூலம்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ரிஷியின் பிறப்பை ஆராய்ந்தால் அவரிடம் உள்ள மரியாதை குறைந்துவிடும். நதியின் பிறப்பிடத்தைப் போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு பாறை இடுக்கில் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரைக் கண்டு, இதற்கா இத்தனை பெருமை என்று கேட்கத் தோன்றிவிடும். பெரியது பெரியதாகவே இருக்கட்டும், அதன் சிறிய தொடக்கத்தைக் கிளறாதே என்பது பழமொழியின் கருத்து. கேட்பதற்குப் பண்பான பேச்சாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பண்பை நாம் எல்லோரிடமும் காட்டுகிறோமா? பெண் பார்க்கப் போகிறவர் மூலத்தை விசாரிக்காமல் காபி டம்ளரைக் கையில் வாங்குவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனிடம் வீட்டுக்காரர், "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று விசாரித்த பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். ரிஷிக்கும் நதிக்கும் கொடுத்த சலுகையைச் சாதாரண மனிதனுக்கு நாம் கொடுத்ததே இல்லை.

ஊரார் அவனுடைய மூலத்தைப் பார்க்கலாம் என்றால் அவன் மாத்திரம் பார்க்கக் கூடாதா? தன் பாட்டன் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டான் என்று ஒருவன் தேடிப் போவது நல்ல காரியமா, வீண் வேலையா? தேடிப் போன இடத்தில் கிடைப்பது அவன் விரும்பியதாக இல்லாவிட்டால் அதை என்ன செய்வது? சில காலமாக இந்தக் கேள்விகள் என் மனத்தை விட்டுப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நதிமூலம் கண்ணுக்கே தெரியாத ஓர் இடம் உண்டென்றால் அது வடசென்னைதான். மேற்கே புறப்பட்டுப் பூண்டி ஏரியைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. எண்ணூர்க்காரர்கள் தினமும் பார்ப்பது அந்த ஆற்றின் முடிவை மட்டுந்தான். இறால் பிடிப்பதும், அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேற்றில் இறங்கி நிற்பதும், வலையை உதறுவதும் எல்லாம் அந்த முடிவில்தான் நடக்கின்றன. ஆறு எங்கே பிறந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மனிதர்களும் அப்படித்தான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழும் மீனவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மற்றவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. அந்தத் தண்டவாளம் பட்டணத்து மனிதரை உள்நாட்டுக்குக் கொண்டுபோனதைவிட, உள்நாட்டு மனிதரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதான் அதிகம் இருக்கும். வடாற்காட்டிலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். பிறகு திருவொற்றியூரிலும் மணலியிலும் தொழிற்சாலைகள் எழுந்தபோது இன்னும் பலர் வந்தார்கள். பொங்கலுக்கு முதல் நாள் இந்தத் தெருக்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கேட்டால், "ஊருக்குப் போயிருக்காங்க" என்பார்கள். முப்பது வருஷம் குடியிருந்த தெரு அவர்களுக்கு இன்னும் ஊர் ஆகவில்லை.

இப்படி வந்தவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். இதே கரையிலிருந்து போனவர்களைப் பற்றி நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. 340-க்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதாக ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள். நவம்பர் 16-ஆம் தேதி அவர்கள் டர்பனில் இறங்கினார்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகில் ஏறி, ஆளை விழுங்க வரும் அலைகளைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். அதற்கு முன் கடலையே கண்டிராதவர்கள் அநேகர் அந்தப் படகுகளில் இருந்திருப்பார்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. 1860-லிருந்து 1911 வரையில் இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறையில் கப்பல் ஏறியவர்கள். நேட்டால் கணக்கு மட்டும் இது. மொரீஷியசுக்கும் பிஜிக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனவர்களின் கணக்கு தனி.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவேடு எழுதினார்கள். அதில் ஆளுக்கு ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் அங்க அடையாளம். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம் என்று, மாட்டுச் சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் பார்த்து எழுதிய குறிப்புகள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியவை. எழுதிய குமாஸ்தா நூறு வருஷத்துக்கு அப்பால் யாரோ ஒரு பேத்தி அந்த வரியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று நினைத்திருக்க மாட்டார். அப்படித்தான் நடக்கிறது. இன்று டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோரோடு உள்ள ஒரே எழுத்துச் சம்பந்தம் அந்த ஒற்றை வரிதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களில் சிலர் இங்கே வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் அம்மையார் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமானார். தமிழ் பேச வராது. ஆனால் 'ரசம்', 'தாத்தா', 'பாவம்' போன்ற சில சொற்களும், மாரியம்மன் திருவிழாவில் பாடும் பாட்டு ஒன்றும் பிசகில்லாமல் வந்தன. அர்த்தம் தெரியாமலே அந்தப் பாட்டை மூன்று தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அவர் பதிவேட்டின் பிரதியை என் மேஜைமேல் வைத்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா 1890-களில் போனவர். வயது இருபது. செங்கற்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. கிராமத்தின் பெயரும் இருந்தது. சாதிக் கட்டத்தின்மேல் அவர் விரலை வைத்து மூடியிருந்தார். தற்செயலாக வைத்த விரல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மெல்ல விரலை எடுத்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களை அந்நாளில் வெள்ளைக்காரர்களின் கணக்கில் குறித்த சொல் அங்கே இருந்தது.

அம்மையாரின் குடும்பப் பெயரோ ஒரு மேல்சாதிப் பட்டம். பிள்ளை, நாயுடு, முதலி, படையாட்சி போன்ற பட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. அவற்றில் ஒன்றைத்தான் இவரும் தாங்கியிருந்தார். வீட்டில் பெரியவர்கள், நம் தாத்தா நிலபுலம் உள்ள நல்ல குடும்பத்தில் பிறந்தவர், தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார் என்று கதை சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பதிவேடு கிடைத்ததும் அவருடைய தம்பி, "இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, இத்தோடு விடு" என்றாராம். இவர் விடவில்லை. விமானம் ஏறி வந்துவிட்டார்.

"என் கொள்ளுத் தாத்தா பொய் சொன்னாரா?" என்று அவர் என்னிடம் கேட்டார். சாதியைப் பற்றி வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு நாற்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா? அவருக்கு அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

உடனே பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம். ராயபுரத்தில் கடற்கரையோரமாகப் போகும்போது, கரை நெடுகக் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்த்து, "இங்கே மணல் இல்லையா?" என்று கேட்டார். இருந்த மணலைத் துறைமுகம் தின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கேயிருந்து வரும் மணல் சுவருக்குத் தெற்கிலேயே தங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே மணல் வரத்து நின்று கடல் கரையை அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். கொள்ளுத் தாத்தா கடைசியாகக் கால் வைத்த கரை எது என்று காட்டலாம் என்றால் அந்தக் கரையும் போய்விட்டது.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். எண்ணூரைக் கடந்து, மின்கோபுரங்களுக்கும் புதுத் துறைமுகச் சாலைகளுக்கும் நடுவே வடக்கே போனால் பொன்னேரித் தாலுகா. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடியதுதான்.

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை. பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து அம்மையாருக்கு இடம் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து பாட்டன் ஊரைத் தேடி வந்திருக்கிறார் என்று சொன்னவுடன் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டீக்குக் காசு வாங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னார். பாட்டன் பெயரைக் கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பேரு வச்சுக் கண்டுபுடிக்க முடியாதுங்க. இந்தப் பேருல எல்லாத் தெருவுலயும் ஆளு இருந்திருப்பாங்க. எந்தத் தெருன்னு சொல்லணும்னா, அவங்க யாரு என்னன்னு தெரியணும் இல்லீங்களா?"

நான் அம்மையாருக்கு இதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் நண்பர் என் கையைத் தொட்டார். 'பட்டத்தைச் சொல்லிவிடு, பெரிய தெருவைக் காட்டுவார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்' என்பது அந்தத் தொடுதலின் பொருள். நண்பர் கெட்டவர் அல்லர். கடல் கடந்து வந்த ஒரு வயதான பெண்மணிக்கு வருத்தம் வரக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

அம்மையார் பதிவேட்டில் இருந்த அந்தச் சொல்லைத் தாமே வாய்விட்டுச் சொன்னார். இன்று உலகத்தின் பாதி மொழிகளில் விலக்கப்பட்டவனுக்குப் பெயராகிவிட்ட அந்தச் சொல்லைப் பெரியவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் மரியாதை குறைந்து பேசவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முகத்தில் இருந்த மலர்ச்சி எங்கேயோ போய்விட்டது. "அப்ப காலனிக்குப் போங்க. அந்தாண்ட, ஏரிக்கரையைத் தாண்டி" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் முன்பு நம் ஊர்ப் பெண் என்று டீ வாங்கிக் கொடுத்த கை அது. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் அந்தக் கை எப்படி மாறியது என்பதை அம்மையார் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காலனியில் ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெயருடைய யாரையும் அவருக்குத் தெரியவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன் போனவனை யாருக்குத் தெரியும்?

"போன எடத்துல நல்லா இருந்தாராம்மா?" என்று கேட்டார்.

கஷ்டப்பட்டார், பிறகு ஒரு துண்டு நிலத்தில் காய்கறி பயிரிட்டார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்று அம்மையார் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"சொந்தமா நெலமா?"

"ஆமாம்."

மூதாட்டி கீரையைக் கீழே வைத்துவிட்டு அம்மையாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா போனதுதான் சரி" என்றார்.

பொய் சொன்னாரா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பாதி விடை இருந்தது என்று நினைக்கிறேன். மீதி விடைக்கு அந்தக் காலத்துச் செங்கற்பட்டைப் பார்க்க வேண்டும். ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் அந்த ஜில்லாவின் ஒதுக்கப்பட்ட மக்களைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். சட்டப்படி அடிமை முறை 1843-லேயே செல்லாததாகிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாக எழுதிக் கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுதும் ஒரே நிலத்தில் கட்டுண்டு உழைத்த குடும்பங்கள் இருந்தன. குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எஜமான் கோபித்துக்கொண்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த அறிக்கையின் பயனாக 1892-ல் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதைத்தான். அந்த நிலங்களில் எத்தனை பிறகு அவர்கள் கையைவிட்டுப் போயின என்பது இன்னொரு நீண்ட கதை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் நடந்தே பட்டணம் வந்து, பத்து ஷில்லிங் கூலிக்குக் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுக் கப்பல் ஏறினான் என்றால், அவன் ஏறியது கப்பல் மாத்திரமா? பிறந்த நாள் முதல் அவன் பெயருக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு சொல்லை விட்டு இறங்கிய இடமும் அதுதான். கடலுக்கு அப்பால் அவன் யார் என்று சொல்ல ஊரார் இல்லை. அங்கே ஒருவன் கேட்டபோது வாய்க்கு வந்த ஒரு மரியாதையான பட்டத்தைச் சொன்னான். கேட்பதற்கு உரிமையில்லாத கேள்விக்குச் சொன்ன பதிலைப் பொய் என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. திருடன் வீட்டுக்குள் வந்து பணம் எங்கே என்று கேட்டால் இல்லை என்கிறோம். அதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பலாம். "சாதியை விட்டு ஓடியவன் ஏன் இன்னொரு சாதியின் பட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்? ஏணியை உதைத்துத் தள்ளாமல் அதிலேயே இரண்டு படி ஏறி உட்கார்ந்துகொண்டானே, அது சரியா?" என்று கேட்கலாம். நியாயமான தடைதான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கு அன்று தெரிந்த மரியாதையான பெயர்கள் அவைதாம். ஆனால் பேரனுக்கும் பேத்திக்கும் அந்தச் சலுகை இல்லை. கொள்ளுத் தாத்தாவுக்குக் கேடயமாக இருந்த பெயர், அவர்கள் கையில் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. மறைப்பதால் அவர்களுக்கு வரும் லாபம் சிறிது. அதே சமயத்தில் ஏரிக்கரைக்கு அந்தாண்ட கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு நஷ்டம் ஏற்படுகிறது. தங்களில் ஒருவன் கடல் கடந்து போய், நிலம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தான் என்கிற கதை அவர்களுக்குச் சேர வேண்டிய சொத்து. பட்டத்தைச் சொல்லிப் பெரிய தெருவில் போட்டோ எடுத்திருந்தால் அந்தச் சொத்தும் பெரிய தெருவுக்கே போயிருக்கும். ஏற்கெனவே நிலம் அங்கே போயிருக்கிறது, உழைப்பு போயிருக்கிறது. கதையாவது போகாமல் இருக்கட்டும்.

ஆகவே நதிமூலம் பார்க்கக் கூடாது என்ற பழமொழி யாருக்குச் சௌகரியம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் ஏன் ஊரை விட்டுப் போனான் என்று யாரும் கேட்காமல் இருப்பது, அவனைப் போக வைத்தவர்களுக்குத்தான் சௌகரியம்.

உலகத்தின் வேறு பக்கங்களிலும் இந்த உண்மையைக் காணலாம். போலந்து நாட்டில் 1939-ல் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். யுத்தம் முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேரை ஹிட்லரின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவுக்குப் போய்விட்டவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அந்தக் கிராமங்களைத் தேடிப் போகிறார்கள். பாட்டியின் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கல்லறையில் பெயர் பார்க்கலாம் என்றால், பல ஊர்களில் அந்தக் கற்களையே பெயர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். போகிறவர்கள் அங்கே வீட்டையும் நிலத்தையும் கேட்டுப் போவதில்லை. இங்கே எங்களவர் இருந்தார்கள், அவர்களுக்கு இது நேர்ந்தது என்று சொல்லி, ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு வருகிறார்கள். கேட்க ஆள் இல்லாத ஊரில்கூட உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

பூர்வீகம் என்பது இரத்தத்தில் ஊறியது, ஊருக்குத் திரும்பினால் போதும், மனிதன் நிறைவு அடைந்துவிடுவான் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் வடசென்னையின் பர்மாக்காரர்களிடம் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். 1962-ல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. மூன்று லட்சம் வரையில் இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பல் கப்பலாக வந்து சென்னையில் இறங்கினார்கள். உன் பூர்வீகம் எது என்று கேட்டால், பாட்டன் சொன்ன ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, அறிந்த முகமும் இல்லை. அங்கேயிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜார் உண்டாயிற்று. சிலருக்கு இந்தப் பூர்வீக நாடு ஒட்டவே இல்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பி, மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் தடுக்கப்பட்டு, அங்கேயே கோயில் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். பிறந்து வளர்ந்த மண்ணை நினைத்து அழுத அவர்களிடம், உங்கள் வேர் இங்கேதான் இருக்கிறது என்று சர்க்கார் காகிதம் சொன்னது. காகிதம் ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமுமாக இழுத்தன. இன்று பர்மா பஜார்ப் பக்கம் அத்தோ சாப்பிடுகிற கூட்டத்தைப் பார்த்தால், அந்த மக்கள் தங்கள் வேரைக் கையோடு கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பூர்வீக ஊர் மனிதனுக்கு வீடு ஆகாது என்றால், அது எதற்குத்தான் ஆகும்? தில்லையாடியை நினைத்துப் பாருங்கள். வள்ளியம்மை 1898-ல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவள். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, கடுங்காவல் சிறைவாசத்தில் நோயுற்று, வெளியே வந்த சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22-ல், பதினாறு வயதில் மறைந்தாள். அவள் எதிர்த்த அநியாயங்களில் ஒன்று, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள்மேல் போட்ட மூன்று பவுன் தலைவரி. தஞ்சை ஜில்லாவிலிருந்த தில்லையாடி என்ற ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் வீட்டார் அந்த ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். 1915-ல் இந்தியா திரும்பிய காந்தியடிகள் அந்த ஊரைத் தேடிப் போனார். இன்று அந்தப் பெயரைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அங்கே ஒரு நாள்கூட வாழாத அந்தப் பெண்ணால்தான். ஊர் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவள்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தாள்.

இதையெல்லாம் சேர்த்து யோசிக்கும்போது எனக்கு ஒரு முடிவு தெளிவாகிறது. மூலத்தைத் தேடிப் போகிறவன் பெருமையைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவான், அல்லது மற்றவர்களை ஏமாற்றுவான். வீட்டைத் தேடிப் போனால் அந்நியனாக நிற்பான். முன்னோர் எதை விட்டுப் போனார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்று தெரிந்துகொள்ளப் போகிறவன் மாத்திரம் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அவனுக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு அவன் உறவினன் ஆகிறான். அந்த உறவை ஊரறியச் சொல்ல வேண்டும்.

கடல் கடந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய கடன் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. இன்று எண்ணூரிலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் காலையில் ஆலை வாசலில் நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். ஏஜெண்டின் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம், ஓர் எண். கட்டங்கள் அதிகம் மாறவில்லை. பத்துப் பேருக்கு ஓர் அறை. நாம் அவர்கள் எல்லோரையும் ஒரே பெயரிட்டு அழைக்கிறோம். எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லை. நேட்டாலில் தோட்டத்துரையும் நம்மவர்கள் எல்லோரையும் 'கூலி' என்ற ஒரே பெயரால்தான் அழைத்தான்.

நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்தில் கொஞ்சம் மனிதராக நடத்தப்பட்டிருக்கக் கூடாதா என்று நமக்கு ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கம் உண்மையானால், அதைத் தீர்த்துக்கொள்ள நாம் டர்பன் வரையில் போக வேண்டியதில்லை. அடுத்த தெருவில் அறை தேடி அலையும் பையனிடம் பூர்வீகத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தாமல், வாடகையைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தால் போதும். அவனுடைய நதிமூலத்தை அவனுடைய பேரன் என்றாவது ஒரு நாள் தேடிக்கொண்டு இந்த எண்ணூருக்கு வரக்கூடும். வரும்போது இங்கே அவனுக்கு என்ன கதை கிடைக்கும் என்பது நம் கையில் இருக்கிறது.